நம் அரசியலமைப்பு வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்தின் நகலா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் பெரும்பகுதி, 1935இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய இந்திய அரசுச் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது என்கிறார்கள். அப்படியானால் சுதந்திரம், சமத்துவம், மக்களாட்சி என்று நாம் போற்றும் இலட்சியங்களும் காலனி ஆட்சி கொடுத்துவிட்டுப் போனவைதானே?"

முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி தவறு. ஆனால் அதை மறுக்கிற பலர், "நம் இலட்சியங்களுக்கும் வெள்ளையர் ஆட்சிக்கும் சம்பந்தமே இல்லை, எல்லாம் நம் பழைய மரபு" என்று எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். அதுவும் சரியில்லை. மிக நெருங்கிய சம்பந்தம் உண்டு. அந்த ஆட்சி வாக்குக் கொடுத்துவிட்டு நிறைவேற்றாதவை எவை, கேட்டும் தராதவை எவை என்று தெரிந்துகொண்டு அடிப்படை உரிமைகள் பகுதியைப் படித்துப் பாருங்கள். பல வரிகளுக்குப் பின்னால் ஒரு மனுவோ ஒரு வழக்கோ ஒரு சிறைத்தண்டனையோ இருக்கும். அவற்றில் சென்னை மாகாணத்தின் பங்கு பெரியது. நம்மில் பலருக்கு அது தெரியாமல் போனதுதான் வருத்தம்.

முதலில் எதை எடுத்தோம் என்று பார்த்துவிடலாம். 1935 சட்டத்தில் 321 பிரிவுகள். மத்தியப் பட்டியல், மாகாணப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தது அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை. நம் அரசியலமைப்பிலும் அது ஏழாவது அட்டவணையாகவே இருக்கிறது. ஆளுநர் பதவி, அவசரச் சட்டம் பிறப்பிக்கும் அதிகாரம், தேர்வாணையங்கள், 1937இல் தொடங்கிய கூட்டாட்சி நீதிமன்றம் எல்லாம் அந்த வழியில் வந்தவை. மாநில அரசைக் கலைக்க உதவும் 356ஆவது பிரிவின் மூலம், 1935 சட்டத்தின் 93ஆவது பிரிவு. இந்தியர்களைக் கேட்காமல் இந்தியாவை இரண்டாம் உலகப் போரில் இழுத்துவிட்டதைக் கண்டித்து 1939 அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை பதவி விலகியதும், சென்னை மாகாணத்தை 1946 வரை ஆளுநர் நேரடியாக ஆண்டது அந்தப் பிரிவின் கீழ்தான்.

இதை, அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபை மறைக்கவில்லை. 1948 நவம்பர் 4ஆம் தேதி வரைவை அறிமுகப்படுத்திப் பேசிய அம்பேத்கர், 1935 சட்டத்திலிருந்து எடுத்ததற்காக மன்னிப்புக் கேட்கப் போவதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அரசியலமைப்பின் அடிப்படைக் கருத்துகளுக்கு யாரும் காப்புரிமை வைத்திருக்கவில்லை என்றார். எடுத்தவை பெரும்பாலும் நிர்வாக விவரங்களாக இருக்கின்றனவே என்பதுதான் தன் வருத்தம் என்றும் சேர்த்துக்கொண்டார். ஓராண்டு கழித்து அதே சபையில், வீணையின் இசையையோ சிதாரின் இசையையோ கேட்க விரும்பினோம், கிடைத்திருப்பது ஆங்கிலேய பேண்டு வாத்தியம் என்று மைசூரின் ஹனுமந்தையா குறைபட்டுக்கொண்டார். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான்.

சரி, 1935 சட்டத்தில் என்ன இல்லை? குடிமக்களின் உரிமைகள் என்று ஒரு பகுதியே இல்லை. அரசுப் பதவியில் மதம், பிறப்பிடம், வம்சம், நிறம் பார்க்கக் கூடாது என்று 298ஆவது பிரிவு சொன்னது. சொத்தைச் சட்டப்படி அன்றிப் பறிக்கக் கூடாது என்று 299ஆவது பிரிவு சொன்னது. பேச்சு, எழுத்து, கூட்டம், சங்கம், உயிர், உடல் பற்றி ஒன்றும் கிடையாது. அதுவும் மறதியால் விட்டதல்ல. உரிமைகளைச் சட்டத்தில் எழுதுங்கள் என்று இந்தியத் தலைவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நடைமுறைப்படுத்த வழியில்லாத உரிமைப் பிரகடனங்களால் பயனில்லை என்று 1930இல் சைமன் குழு அறிக்கை தள்ளியது. 1934இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கூட்டுக்குழுவும் அதையே திருப்பிச் சொன்னது. அப்படித் தள்ளப்பட்டதுதான் இன்று அரசியலமைப்பின் மூன்றாம் பகுதியாக நிற்கிறது. அதை நகல் என்று எப்படிச் சொல்ல முடியும்?

298ஆவது பிரிவின் அந்த வாசகத்துக்கு ஒரு நீண்ட கதை உண்டு. 1833ஆம் ஆண்டு சாசனச் சட்டத்தின் 87ஆவது பிரிவிலேயே அது வந்துவிட்டது: மதம், பிறப்பிடம், வம்சம், நிறம் ஆகிய காரணங்களுக்காக மட்டுமே எந்த இந்தியருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி வேலை மறுக்கப்படாது. 1858 நவம்பர் 1ஆம் தேதி வாசிக்கப்பட்ட விக்டோரியா அரசியின் பிரகடனமும் அதே உறுதியைக் கொடுத்தது. நடந்தது வேறு. உயர் நிர்வாகப் பதவிகளுக்கான ஐசிஎஸ் தேர்வு லண்டனில் மட்டும் நடந்தது. கப்பலேறிப் போய் அந்நிய மொழியில் எழுதி 1863இல் சத்யேந்திரநாத் தாகூர் தேறியபின், இன்னும் சிலர் பின்தொடர்ந்தார்கள். பிறகு வயது வரம்பு 21இலிருந்து 19ஆகக் குறைக்கப்பட்டது. இந்தியர்களைத் தடை செய்வதா ஏமாற்றுவதா என்ற இரண்டில், நேர்மை குறைந்த வழியைத் தேர்ந்துகொண்டோம் என்று வைஸ்ராய் லிட்டன் 1878இல் ரகசியக் குறிப்பே எழுதினார். இரு நாடுகளிலும் ஒரே நேரத்தில் தேர்வு நடத்த வேண்டும் என்று 1893இல் பிரிட்டிஷ் மக்களவை தீர்மானம் போட்டது. அதுவும் அமலாகவில்லை. இந்தியாவில் அந்தத் தேர்வு நடக்க 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தாதாபாய் நௌரோஜியின் தலைமுறை இந்த இடைவெளியைத்தான் பிடித்துக்கொண்டது. உங்கள் சட்டப் புத்தகத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதன்படி நடங்கள் என்று அவர்கள் வாதாடினார்கள். அரசியலமைப்பின் 16ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். வம்சம், பிறப்பிடம் என்ற பழைய சொற்கள் அப்படியே இருக்கும். அவற்றுக்கு நடுவே சாதியும் பாலினமும் புதிதாக வந்து சேர்ந்திருக்கும். வேலை கொடுப்பவர் எதைப் பார்க்கக் கூடாது என்பதோடு நிற்காமல், எல்லாக் குடிமக்களுக்கும் சமவாய்ப்பு உண்டு என்று உரிமையாகவும், நீதிமன்றத்தில் கேட்கக் கூடியதாகவும் அது மாறியிருக்கும். 1833இல் காகிதத்தில் இருந்ததற்கும் 1950இல் வந்ததற்கும் உள்ள வேறுபாட்டை நூறாண்டுக் கிளர்ச்சி உண்டாக்கியது.

நம் பக்கத்துக் கதை இன்னும் கொடியது. 1852இல் சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டி முன்னின்று மதராஸ் நேட்டிவ் அசோசியேஷனைத் தொடங்கினார். நிலவரி கட்ட முடியாத குடியானவர்களை வருவாய்த்துறை ஆட்கள் சித்திரவதை செய்து வசூலிக்கிறார்கள் என்று அந்தச் சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கும் கிட்டி அந்த வழிகளில் ஒன்று. விஷயம் லண்டனில் விவாதமாகி, விசாரணைக் குழு அமைந்து, 1855இல் அறிக்கை வந்தது. வெள்ளை அதிகாரிகளைக் குறைகூறாமல் தப்பவிட்டாலும், சித்திரவதை நடந்தது உண்மை என்று அந்தக் குழுவே ஒப்புக்கொண்டது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 1861இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஏறியது. பிறகு 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவாக நிலைத்தது. இங்கிலாந்துச் சட்டத்தில்கூட இவ்வளவு முழுமையான தடை இல்லை. இந்திய நிலைமை கட்டாயப்படுத்திக் கொண்டுவந்த விதி அது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற 20ஆவது பிரிவின் வாசகம் அமெரிக்க அரசியலமைப்பை ஒத்திருக்கலாம். ஆனால் இங்கே அது தேவை என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. செங்கல்பட்டிலும் தஞ்சையிலும் வரி கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது தெரிந்தே இருந்தது.

பேச்சுரிமையைப் பற்றித் தமிழர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 124ஏ என்ற ராஜத்துரோகப் பிரிவு நுழைந்தது. 1908 மார்ச்சில் பிபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடிப் பேசியதற்காகக் கைதான வ.உ.சி.க்கு, ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே விதித்தது இரட்டை ஆயுள் தண்டனை: பேசியதற்கு இருபது ஆண்டு, சுப்பிரமணிய சிவாவுக்குத் துணைநின்றதற்கு இருபது ஆண்டு. மேல்முறையீட்டில் அது குறைந்தது வேறு கதை. அதே ஆண்டில் சுதேசமித்திரன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் கைதானார். 'இந்தியா' பத்திரிகை மீது வழக்குப் பாய, பாரதி புதுச்சேரிக்குப் போக வேண்டியதாயிற்று. நாற்பது ஆண்டு கழித்து, 1948 டிசம்பரில், பேச்சுரிமைக்கான வரம்புகளில் ராஜத்துரோகத்தைச் சேர்க்கக் கூடாது என்று சபை உறுப்பினர் கே.எம். முன்ஷி திருத்தம் கொண்டுவந்ததும், சபை அந்தச் சொல்லையே எடுத்தெறிந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனையோ பேர் சிறைக்குப் போய்வந்தவர்கள்.

இந்த அனுபவங்களெல்லாம் கோரிக்கையாகத் திரண்ட ஆவணங்கள் சில உண்டு. 1895இல் வெளிவந்த சுயராஜ்ய வரைவு ஒன்று பேச்சுரிமையையும் அரசுச் செலவில் கல்வியையும் கேட்டது. 1925இல் அடையாறிலிருந்து இயங்கிய அன்னி பெசன்ட் முன்னின்று தயாரித்த, இந்தியாவுக்குத் தன்னாட்சி கேட்ட மசோதா பிரிட்டிஷ் மக்களவை வரை போனது. ஒரு இந்தியர்கூட இல்லாத சைமன் குழுவுக்குப் பதிலாக 1928இல் எழுந்த மோதிலால் நேரு அறிக்கை, 19 உரிமைகளையும் வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமையையும் வைத்தது. பகத்சிங் தூக்கிலிடப்பட்ட சில நாட்களில், 1931 மார்ச் இறுதியில் கராச்சியில் கூடிய காங்கிரஸ், கூலி, வேலைநேரம், இலவசத் தொடக்கக்கல்வி, மதங்களிடையே அரசின் நடுநிலை ஆகியவற்றையும் சேர்த்தது. இன்றைய அடிப்படை உரிமைகளுக்கும் வழிகாட்டு நெறிகளுக்கும் நேர்மூதாதையை 1935இல் தேடுவதைவிட இங்கே தேடுவது நல்லது.

இனி, பலரும் தொடாமல் விடுகிற பகுதிக்கு வருகிறேன். அடிப்படை உரிமைகளில் ஒரு பெரும்பங்கு அரசுக்கு எதிரானது அல்ல, நமக்கே, நம் சாதி வழக்கங்களுக்கே எதிரானது. காலனி ஆட்சி அதில் நடந்துகொண்ட விதத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சாதியை ஒழிக்க வந்த ஆட்சி என்று சிலர் அதற்குப் பட்டம் கட்டுகிறார்கள். கமுதி வழக்கைப் பார்த்தால் அது உதிர்ந்துவிடும். 1897இல் கமுதிக் கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்து வழிபட்டார்கள். வழக்கு மதுரையிலும் சென்னையிலும் நடந்து அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. நுழைய உரிமை இல்லை என்று 1908இல் இறுதித் தீர்ப்பு வந்தது. வழக்கம் அப்படி இருக்கிறது, ஆகவே அதுவே சட்டம் என்பதே அடிப்படை. ஊர் வழக்கத்துக்கு அரசின் முத்திரை விழுந்ததும், அது இன்னும் கெட்டியானது.

ஆனால் அதே ஆட்சி ஏற்படுத்திய சட்டசபைகள்தான் ஒடுக்கப்பட்டோருக்குப் பேச ஒரு மேடையாகவும் ஆயின. 1923இல் பம்பாய் சட்டசபையில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுப் பணத்தில் கட்டிப் பராமரிக்கும் கிணறுகளும் நீர்நிலைகளும் தர்மசாலைகளும் தீண்டப்படாதோருக்குத் திறந்திருக்க வேண்டும் என்றது. 1924இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் பொதுத் தெருக்களுக்கும் கிணறுகளுக்கும் அதே கோரிக்கையைத் தீர்மானமாக்கி வென்றார். காகிதத்தில் கிடைத்ததைக் கையில் எடுத்துப் பார்க்கத்தான் 1927 மார்ச் 20ஆம் தேதி மகாட் நகரில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சவதார் குளத்துக்குப் போய்த் தண்ணீர் அருந்தினார். அடி விழுந்தது. குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள்.

இப்போது 15(2) பிரிவைப் படியுங்கள். கடைகள், உணவகங்கள், அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள் என்று அது பெயர் சொல்லிப் போகிறது. அமெரிக்க உரிமைச் சாசனத்தில் கிணறு கிடையாது. பிரெஞ்சுப் பிரகடனத்தில் படித்துறை கிடையாது. உலகின் அரசியலமைப்புகளிலிருந்து பொறுக்கியெடுத்தது என்று நம்முடையதைச் சொல்பவர்கள் இந்த ஒரு வரியை விளக்கிவிட்டால் போதும். கமுதித் தீர்ப்புக்கும் அதற்குள் பதில் இருக்கிறது: அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் செல்லாது என்கிற 13ஆவது பிரிவு, 'சட்டம்' என்பதில் வழக்கத்தையும் பழக்கத்தையும் சேர்த்தே வரையறுக்கிறது. எந்த வழக்கத்தைக் காட்டி லண்டனில் கதவை அடைத்தார்களோ, அந்த வழக்கத்தையே உரிமைக்குக் கட்டுப்பட்டதாக ஆக்கிவிட்டார்கள். எனக்கு மொத்த அரசியலமைப்பிலும் மிகவும் பிடித்த இடம் இது.

வாக்குரிமையும் அப்படித்தான். உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி, பத்தாம் நூற்றாண்டிலேயே நம்மிடம் மக்களாட்சி இருந்தது என்பார்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறை வியப்பானதுதான். கணக்குக் காட்டாத உறுப்பினரை விலக்கிவைக்கும் விதியை இன்றும் நாம் கடன் வாங்கலாம். ஆனால் அந்தச் சபைக்குத் தகுதி பெறக் காணிநிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் வேண்டும். ஆளுக்கொரு வாக்கு என்பது அங்கே இல்லை. பிரிட்டிஷாரிடமும் இல்லை. 1932இல் வாக்குரிமையை ஆராய்ந்த லோதியன் குழு, எல்லோருக்கும் வாக்கு என்பது இந்தியாவில் நடைமுறைக்கு ஒவ்வாது என்றது. 1935 சட்டப்படி சொத்து, வரி, படிப்பு பார்த்து வாக்களித்தவர்கள் ஏறத்தாழ மூன்று கோடிப் பேர். உள்ளதைச் சொல்ல வேண்டும்: அரசியல் நிர்ணய சபையே அந்தக் குறுகிய வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த மாகாண சபைகள் மூலம்தான் அமைந்தது. அந்தச் சபை, படிக்காதவர் உட்பட அனைவருக்கும் வாக்கு என்று ஒரே தாவலில் முடிவெடுத்தது. 1951இல் எழுத்தறிவு சுமார் 18 சதவீதம். பட்டியலில் 17 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொல்லித் தன் பெயரைச் சொல்லாததால் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் விடுபட்டுப்போனார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்தச் சாதனையை எடைபோட வேண்டும்.

சட்டரீதியாக நகலா என்ற கேள்விக்கு 395ஆவது பிரிவு பதில் சொல்கிறது. 1935 சட்டத்தையும், நமக்குச் சுதந்திரம் வழங்கிய 1947ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்தையும் அது ரத்து செய்கிறது. அரசியலமைப்பை கவர்னர் ஜெனரலின் ஒப்புதலுக்குக்கூட அனுப்பவில்லை. அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் நம் ராஜாஜிதான் என்றாலும், அவர் அங்கே மன்னரின் பிரதிநிதி. மன்னரின் கையெழுத்தில் நம் அரசியலமைப்பு பிறக்கக் கூடாது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தார்கள்.

இதை எழுதிவிட்டு நிறுத்தினால் அது புகழ்பாடலாகிவிடும். பழைய வீட்டில் குடியேறும்போது பழைய பூட்டுகளும் சேர்ந்தே வந்தன. எவரையும் விசாரணையின்றி அடைத்துவைக்க 1818இல் வங்காளத்திலும் 1819இல் சென்னையிலும் கம்பெனி ஒழுங்குவிதிகள் போட்டிருந்தது. 1919இல் அதே அதிகாரத்தை ரௌலட் சட்டமாக நீட்டியபோதுதான் நாடு கொதித்தது; ஜாலியன்வாலா பாக் நடந்தது. இத்தனைக்கும் பிறகு, தடுப்புக் காவலை அனுமதிக்கும் 22ஆவது பிரிவு அடிப்படை உரிமைகள் பகுதிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இந்த உரிமைகளில் பல ஒரு போலீஸ் கான்ஸ்டபிளின் பார்வையில் எழுதப்பட்டிருக்கின்றன என்று 1947லேயே கம்யூனிஸ்ட் உறுப்பினர் சோம்நாத் லாஹிரி சபையில் சொன்னார். அவர் மிகைப்படுத்திப் பேசியதாக எனக்குத் தோன்றவில்லை.

புதிய குடியரசின் முதல் பெரிய வழக்குகள் மூன்றும் சென்னையிலிருந்து கிளம்பியவை. 1950 பிப்ரவரியில், குடியரசு பிறந்து ஒரு மாதமே ஆன நிலையில், தடுப்புக் காவல் சட்டம் வந்தது. சென்னை மாகாணச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அதை எதிர்த்தார். சட்டம் வகுத்த நடைமுறை இருந்தால் போதும், அந்த நடைமுறை நியாயமானதா என்று கேட்க முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். பஸல் அலி மட்டும் வலுவாக மாறுபட்டார். அடுத்து, 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழுக்குச் சென்னை அரசு விதித்த தடையை ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மூன்றாவது செண்பகம் துரைராஜன் வழக்கு. நீதிக்கட்சி காலத்தில் 1921இல் தொடங்கி வளர்ந்த, இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணை அதில் வீழ்ந்தது. 1951 ஜூனில் வந்த முதல் திருத்தம் ஒன்றே இந்தக் கடைசி இரண்டுக்கும் பதில் சொன்னது. பிற்படுத்தப்பட்டோருக்கான சிறப்பு ஏற்பாட்டை 15(4) மூலம் மீட்டது. பேச்சுரிமைக்குப் 'பொது ஒழுங்கு' என்ற வேலியையும் போட்டது. முதலாவது, மாகாண அரசியலில் பிறந்த ஒரு சமத்துவக் கோரிக்கையின் வெற்றி. இரண்டாவது, பழைய ஆட்சியாளரின் பழக்கத்துக்குத் திரும்பிப் போனது. 'நம் இலட்சியங்கள்' என்று ஒரே மூச்சில் பேசும்போது இந்த இரண்டும் கலந்துவிடுகின்றன.

நீதிமன்றங்கள் மெல்ல மெல்லத் திருத்தின. கோபாலன் தீர்ப்பின் வாதத்தை 1978இல் மேனகா காந்தி வழக்கு மாற்றியது. நடைமுறை நியாயமாகவும் இருந்தாக வேண்டும் என்றானது. 356ஐ 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கு கட்டுக்குள் கொண்டுவந்தது. 124ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில் நிறுத்திவைத்தது. தடுப்புக் காவல் மட்டும் அசையவில்லை. தமிழ்நாட்டில் 1982 முதல் இருக்கும் குண்டர் சட்டத்தில் விசாரணையின்றி ஓராண்டுவரை வைக்கலாம். நெருக்கடிநிலைக் கொடுமைகளுக்குப் பிறகு 1978இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 44ஆவது திருத்தம், காவல் தேவையா என்று பரிசீலிக்கும் ஆலோசனைக் குழுவின் கருத்தின்றிக் காவலில் வைக்கக்கூடிய காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்தது. அந்தக் குழுவின் அமைப்பையும் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைக்கு உட்படுத்தியது. அந்தத் திருத்தத்தின் மற்ற பிரிவுகள் நடைமுறைக்கு வந்தன. இந்த ஒன்றை அமலாக்கும் அறிவிக்கையை அதன்பின் ஆண்ட எந்த அரசும் இதுவரை வெளியிடவில்லை.